பிள்ளை சாதகம் பண்ண வாங்குவது ஹெட்போனா, விளக்குத் தோரணமா?



இசை பழகும் பிள்ளைக்கு ஒயர் இல்லாத ஹெட்போன் வாங்கித் தருவது, எழுதப் பழகும் பிள்ளைக்கு எழுதி முடித்த பிறகு மை விடும் பேனா வாங்கித் தருவது மாதிரி. அடித்துச் சொல்கிறேன். கோபப்படுகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படவும்.

என் அக்கா பேத்தி கீபோர்டு கற்க ஆரம்பித்து எட்டு மாதமாகிறது. செம்மேட்டுப் பக்கம் இரண்டு அறை வீடு. பாட்டி எட்டு மணிக்குப் படுத்துவிடுவார். பள்ளி விட்டு வந்து, வீட்டுப்பாடம் முடித்து, அவள் சாதகம் பண்ணக் கிடைக்கும் நேரமே அதற்குப் பிறகுதான். ஆகவே ஹெட்போன் அவளுக்கு ஆடம்பரம் இல்லை. அது இல்லாவிட்டால் சாதகமே இல்லை. குடும்பக் குழுவில் மாப்பிள்ளை ஒருவர் போட்ட படத்தைப் பார்த்தேன். காதைச் சுற்றி நீலமும் சிவப்பும் எரிகிறது. 60 மணி நேரம் பேட்டரியாம், எக்ஸ்ட்ரா பாஸாம், கேமிங் மோடாம். கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசையாக. தட்டியவர்களில் பாதிப் பேர் என்னிடம் பத்தாம் வகுப்பில் ஒலியியல் படித்தவர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

கணக்குக்கு வருவோம். புளூடூத் என்ன செய்கிறது? ஒலியை எண்களாக்கிச் சுருக்கி, காற்றில் அனுப்பி, அந்தப் பக்கம் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு விரித்து மறுபடி ஒலியாக்குகிறது. சாதாரண புளூடூத் ஹெட்போனில் இந்த வேலைக்கு 150 முதல் 250 மில்லி விநாடி வரை ஆகும். 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? 0.2 விநாடிக்கு 68 மீட்டர். அதாவது பள்ளி மைதானத்தின் ஒரு கோடியில் கீபோர்டை வைத்துவிட்டு, மறு கோடியில் நின்று கேட்பதற்குச் சமம்.

தாளத்தில் வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை, ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் தகதிமி. ஓர் எழுத்துக்கு 250 மில்லி விநாடி. 'த' என்று விரல் அழுத்தினால், 'க' வருகிற நேரத்தில்தான் 'த' காதில் விழும். பிள்ளை என்ன செய்வாள்? காதை நம்பி விரலை இழுப்பாள், இல்லையென்றால் விரலை நம்பிக் காதை மறப்பாள். இரண்டுமே அவள் ஆசிரியை எட்டு மாதமாகக் கட்டி வைத்ததை இடிக்கிற வேலை.

"சார், சினிமா பார்க்கும்போது உதடும் வசனமும் சரியாத்தானே வருது?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறான். நல்ல கேள்வி, கண்ணு. அங்கே போன் தந்திரம் பண்ணுகிறது. சத்தம் தாமதமாகப் போகும் என்று தெரிந்து படத்தையும் அதே அளவு நிறுத்திக் காட்டுகிறது. படத்தை நிறுத்தி வைக்கலாம். பிள்ளையின் விரலை எந்தச் செயலி நிறுத்தி வைக்கும்? கேமிங் மோடு போட்டால் 40, 60 மில்லி விநாடி என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள். அதையும் நம்புவோம். 14 முதல் 20 மீட்டர். நம் பள்ளிக்கூட வராந்தா நீளம். பெட்டிக்குள்ளேயே ஒரு ஒயரும் இருக்கிறது, அதைச் செருகிக்கொள்ளலாம் என்கிறார் மாப்பிள்ளை. அப்படியானால் 60 மணி நேர பேட்டரிக்கு எதற்குக் காசு கொடுக்கிறோம்?

அடுத்தது இந்த 'எக்ஸ்ட்ரா பாஸ்'. எனக்கு இதன் மேல் பழைய பகை.

ஒரு சத்தம் இன்னொரு சத்தத்தை மறைக்கும். அதிலும் தாழ்ந்த சத்தம் பெரிதாக ஒலித்தால், அதற்கு மேலே இருக்கும் சன்னமான சத்தங்களை விழுங்கிவிடும். இது காதின் இயல்பு. மிருதங்கத்தில் தொப்பியை ஊதிப் பெரிதாக்கினால் வலந்தலையின் சாப்பும் மீட்டும் தெளிவு கெடும். தம்பூராவில் இன்னும் மோசம். நன்றாகச் சுருதி சேர்த்த தம்பூராவில் யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் தானாகக் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். ஒரு கட்டைச் சுருதியில் மந்தர ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். அதன் ஐந்தாம் மடங்கு 327. அங்கேதான் அந்தக் காந்தாரம் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேட்கப் பழகிய காதுதான் தன் குரல் விலகுவதைக் கண்டுபிடிக்கும். பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் 1979-ல் எலெக்ட்ரானிக் தம்பூராவை உருவாக்கினார். இன்று அதே வசதி இலவசச் செயலியாக எல்லார் போனிலும் கிடக்கிறது. கிடைத்த வரத்தை பாஸ் போட்டு மூடிவிட்டு, "பொண்ணுக்குச் சுருதி நிக்கலை" என்று டீச்சரம்மாவிடம் குறைப்படுவது என்ன நியாயம்?

புறநானூற்றின் 152ஆம் பாடலை வகுப்பில் கேட்டிருப்பீர்கள். நம் மலையில் வேட்டையாடிக்கொண்டிருந்த வல்வில் ஓரியைச் சந்தித்த பாணர் கூட்டத்தைப் பற்றி வன்பரணர் பாடியது. அங்கேயும் முழவையும் யாழையும் சரிசெய்துகொண்ட பிறகுதான் பாட்டு. அந்த மலையில் பிறந்தவர்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

மானிட்டர் ஹெட்போன் என்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் மாட்டுவது. உள்ளே வருவதை முடிந்தவரை கூட்டாமல் குறைக்காமல் காட்டுவதுதான் அதன் வேலை. "சப்பென்று இருக்கு சார்" என்பீர்கள். இருக்கும். கடைப்பொடி போட்ட குழம்புக்குப் பழகிய நாக்குக்கு மிளகு மட்டும் போட்ட ரசம் முதல் இரண்டு நாள் சப்பென்றுதான் இருக்கும். ஒரு வாரம் போகட்டும். ஏற்கெனவே நூறு தடவை கேட்ட பாட்டில் இதுவரை காதில் விழாத ஒரு வயலின் கோடு விழும். அன்றைக்கு எனக்குப் போன் பண்ணுங்கள்.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. ஊர்ப் பாட்டிகளின் நடவுப் பாட்டையும் தாலாட்டையும் நம் பையன்கள் சிலர் போனில் பதிவு செய்து, கணினியில் சீர்செய்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலை. பாடுகிறவர்களில் பலருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் போன திருவிழாவுக்கு ஒருவன் ஏற்றிய மேளத்தைக் கேட்டேன். தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. அவன்மேல் குற்றமில்லை. அவன் ஹெட்போன் அடித்தொனியைத் தானாக ஏற்றிக் காட்டுகிறது. அதிகமாக இருக்கிறதே என்று இவன் குறைத்திருக்கிறான். மற்றவர்கள் கேட்கும்போது அடி இல்லாத மேளம். வளைந்த அளவுகோலை வைத்துக்கொண்டு எவ்வளவு கவனமாகக் கோடு போட்டாலும் இப்படித்தான். தம்பி, அசல் பதிவை அழித்துவிடாதே. ஒழுங்கான ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடி செய்யலாம். அந்தப் பாட்டிகளை மறுபடி பாட வைக்க எத்தனை நாள் இருக்கிறது என்பதுதான் தெரியாது.

இந்தப் பக்கம் இப்படியென்றால் எதிர்ப் பக்கம் சென்னை மருமகப் பிள்ளை. அவர் கணினிக்காரர். "மாமா, வாங்கினா பேயர்டைனமிக் டிடி 770, 250 ஓம், கூட ஒரு ஆம்ப்ளிஃபயர்" என்கிறார். மகா நல்ல ஹெட்போன்தான், 1985-லிருந்து வருகிறது. ஆனால் 250 ஓம் சாமானை நம் போனிலோ சின்னக் கீபோர்டிலோ செருகினால் சத்தம் முனகும். அதற்காகத்தான் அவர் ஆம்ப்ளிஃபயர் சேர்த்துச் சொல்கிறார். மிளகு காயவைத்து விற்ற காசில் பிள்ளைக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கும் வீட்டில் போய் இதைச் சொல்லலாமா? போனிலும் கீபோர்டிலும் நேராகச் செருக, 30 முதல் 65 ஓம் வரை இருந்தால் போதும்.

நான் சொல்வது இதுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆடியோ-டெக்னிகா எம்20எக்ஸ். 47 ஓம், 190 கிராம் எடை, 3 மீட்டர் ஒயர். விலை 5,000 ரூபாயை ஒட்டி இருக்கும், கடைக்குக் கடை மாறும். ஒயரைக் கழற்ற முடியாது என்பது ஒரு குறை. ஆகவே நாற்காலிக் காலில் மிதிபடாமல் பார்க்க வேண்டும். பாட்டுப் பதிவு பண்ணும் பையன்களுக்கு அதே வரிசையில் எம்40எக்ஸ். 35 ஓம், கழற்றி மாட்டும் ஒயர், கிட்டத்தட்ட இரட்டிப்பு விலை. அல்லது சோனி எம்.டி.ஆர்-7506. 1991-ல் வந்தது, இன்னும் அதே உருவத்தில் விற்கிறார்கள். 63 ஓம். சில வருடத்தில் காதுமெத்தை உரிந்து கறுப்புப் பொடியாகக் கன்னத்தில் ஒட்டும். மெத்தை தனியாகக் கிடைக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். விளக்கு எரிகிற ஹெட்போனுக்கு மூன்றாவது வருடம் பேட்டரி போனால் என்ன கிடைக்கும்? சோனி 7506-க்கும் ஆடியோ-டெக்னிகாவின் எம்50எக்ஸுக்கும் போலிகள் உண்டு. பாதி விலைக்கு யாராவது நீட்டினால் அது அந்தச் சாமான் இல்லை. பில் போடும் கடையில் வாங்குங்கள்.

இதையே போனில் பாட்டு கேட்கவும் வைத்துக்கொள்ளலாம். இப்போது பல போன்களில் ஹெட்போன் துளை இல்லை, ஆகவே ஒரு சின்ன இணைப்பான் வேண்டும். டிஏசி சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். சிப் இல்லாத மலிவு இணைப்பான் சில போன்களில் பேசும், சிலவற்றில் பேசாது. பேருந்தில் போகும்போது கேட்கத்தான் என்றால் இரைச்சலைக் குறைக்கும் புளூடூத் ஹெட்போன் நல்லது, மறுக்கவில்லை. என்ஜின் உறுமலை அது வெட்டுகிற அளவுக்கு இந்த மூடிய மெத்தைகள் வெட்டாது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவனுக்கு அது வேண்டியிருக்கலாம். சாதகத்துக்கு அது வேண்டாம், அவ்வளவுதான் என் வழக்கு.

வாய்ப்பாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டு காதையும் மூடிக்கொண்டு பாடாதீர்கள். தன் குரல் மண்டைக்குள் குடத்துக்குள் பேசுகிற மாதிரி கேட்கும், சுருதி பிடிபடாது. ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஒரு காதில் தம்பூரா, மறு காதில் சொந்தக் குரல். பின்னணிப் பாடகர்கள் நிற்கும் படங்களைப் பாருங்கள், பலர் இப்படித்தான் நிற்பார்கள்.

இனி பெரியம்மாவின் கட்சி. "ஹெட்போனே வேண்டாம், காது போயிடும்." பயம் நியாயமானது, ஆனால் காதைக் கெடுப்பது கருவி இல்லை, அளவு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம் என்று வரம்பு சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 78-க்கு 20 மணி, 81-க்கு 10 மணி. வெளிச்சத்தத்தைத் தடுக்கும் மூடிய ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்து வைத்தே எல்லாம் கேட்கும் என்பதால், நான் சொல்வது பெரியம்மாவின் பக்கமும்தான். பாட்டி எழுந்து "சாமி, தண்ணி குடு" என்றால் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் சத்தம் அதிகம். கீபோர்டின் சத்தக் குமிழில் அந்த அளவுக்கு நேராக ஒரு கோடு போட்டு வையுங்கள். 45 நிமிடம் வாசித்தால் பத்து நிமிடம் கழற்றி வைக்கட்டும்.

மழைக்காலத்தில் நம் வீடுகளில் பெல்ட்டே பூஞ்சணம் பூக்கும். காதுமெத்தையைத் துடைத்து, மூடி உள்ள டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கச் சொல்லுங்கள். பெட்டியில் 6.3 மில்லி மீட்டர் அடாப்டர் ஒன்று இருக்கும், பெரிய துளைக் கீபோர்டுக்கு அதுதான். வாசித்து முடித்ததும் அதையும் சேர்த்துப் பிடுங்கிவிட வேண்டும். துளையிலேயே விட்டால் ஸ்பீக்கர் பேசாது. மறுநாள் காலையில் "சார், கீபோர்டு ரிப்பேர் ஆயிடுச்சு" என்று எனக்குப் போன் வரும்.