டியேகோ கார்சியாவின் கூடாரங்களுக்கு யார் பொறுப்பு?

2021 அக்டோபர் மாதம் 3-ஆம் தேதி, தென்னிந்தியக் கரையிலிருந்து கனடாவை நோக்கிப் புறப்பட்ட மீன்பிடிப் படகு ஒன்று நடுக்கடலில் தத்தளித்தது. குழந்தைகள் உள்பட 89 பேர் அதில் இருந்தனர். அனைவரும் இலங்கைத் தமிழர்கள். பிரிட்டிஷ் கடற்படை அவர்களைக் காப்பாற்றி டியேகோ கார்சியா தீவுக்குக் கொண்டுசென்றது. அதுவரையில் பிரிட்டனைப் பாராட்டலாம். அதன் பிறகு நடந்தவை குறித்துத்தான் கேள்விகள் எழுகின்றன.

கரையேறியவர்கள் கால்பந்து மைதானத்தின் அளவேயான வேலியிட்ட இடத்தில் கூடாரங்களில் வைக்கப்பட்டனர். தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலர்கள் சுற்றிலும் நின்றனர். கூடாரத்துக்குள் எலிகள் ஓடின. குழந்தைகள் அங்கேயே வளர்ந்தார்கள். உண்ணாவிரதங்கள் நடந்தன, பலர் தங்களைத் தாங்களே மாய்த்துக்கொள்ள முயன்றனர். சிகிச்சைக்காகச் சிலர் ருவாண்டாவுக்கு அனுப்பப்பட்டனர். 2022-இல் மேலும் சில படகுகள் வந்தன. கடைசி வரை அங்கே எஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 60 பேர்.

'இவர்கள் கைதிகள் அல்லர்' என்பதுதான் பிரிட்டிஷ் நிர்வாகம் சொல்லிவந்த விளக்கம். விரும்பினால் தீவை விட்டுப் போகலாம் என்றார்கள். போகும் வழி கடல் ஒன்றுதான். அகதிகள் தொடர்பான 1951-ஆம் ஆண்டு ஒப்பந்தம் பிரிட்டனைக் கட்டுப்படுத்தும். ஆனால், இந்தத் தீவுக்கு அது நீட்டிக்கப்படவில்லை என்றும் வாதிட்டார்கள். தீவு பிரிட்டனுடையது, சட்டம் மட்டும் பிரிட்டனோடு நின்றுவிடும் என்பதே இதன் பொருள்.

இப்படியொரு இடம் எப்படி உருவானது? மோரீஷஸ் விடுதலை பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1965 நவம்பரில், சாகோஸ் தீவுக் கூட்டத்தை அதிலிருந்து பிரித்தெடுத்து 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி' என்று லண்டன் பெயர் சூட்டியது. மறு ஆண்டே அமெரிக்காவுடன் ராணுவத் தளத்துக்கான உடன்பாடு கையெழுத்தானது. 1968-க்கும் 1973-க்கும் இடையில் 1,500 முதல் 2,000 வரையிலான தீவுவாசிகள் மோரீஷஸிலும் செஷல்ஸிலும் கொண்டுபோய் இறக்கிவிடப்பட்டனர். அவர்கள் வளர்த்த நாய்கள் நச்சுவாயு செலுத்திக் கொல்லப்பட்டன. தென்னந்தோட்ட வேலைக்காக ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அம்மக்கள். நிரந்தரக் குடிகள் என்று ஒப்புக்கொண்டால் ஐ.நா.வில் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதற்காக, அவர்களை ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று காட்டும்படி அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகள் பின்னாளில் நீதிமன்றத்தில் வெளிவந்தன.

நான் வசிக்கும் பொதட்டூர்பேட்டை எல்லைக்கோட்டின் அருமை அறிந்த ஊர். மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது ஆந்திரத்தோடு போன திருத்தணி வட்டாரம், ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய போராட்டத்தின் விளைவாக 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு நகர்ந்தது, நெசவாளர்கள் தறியை விட்டு எழவேண்டியிருக்கவில்லை. தெலுங்கும் தமிழும் பேசுவோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கோடு மாறுவதால் மக்கள் காணாமல் போவதில்லை என்பது எங்களுக்கு இயல்பாகத் தோன்றும் விஷயம். சாகோஸில் மக்களை அகற்றுவதற்காகவே கோடு வரையப்பட்டது.

அப்படிக் காலிசெய்யப்பட்ட தீவிலிருந்துதான் ஆப்கானிஸ்தானையும் இராக்கையும் நோக்கிக் குண்டுவீச்சு விமானங்கள் பறந்தன. சித்திரவதைக்காகக் கைதிகளைக் கடத்திச் சென்ற அமெரிக்க விமானங்கள் அங்கே இறங்கியதில்லை என்று பிரிட்டிஷ் அரசு திரும்பத் திரும்ப மறுத்தது. 2002-இல் இருமுறை இறங்கியது உண்மை என்று 2008 பிப்ரவரியில் அன்றைய வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபேண்ட் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

மேற்கத்திய அரசுகளைப் பொறுப்பேற்க வைக்கவே முடியாது என்ற விரக்தி நம்மிடையே பரவலாக இருக்கிறது. அதில் நியாயம் உண்டு. 2019 பிப்ரவரி 25-இல் சர்வதேச நீதிமன்றம், மோரீஷஸின் காலனி நீக்கம் சட்டப்படி முழுமையடையவில்லை, சாகோஸ் நிர்வாகத்தை பிரிட்டன் இயன்ற விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று கருத்துரைத்தது. அதனை 13 நீதிபதிகள் ஆதரித்தனர். விலகி நின்ற ஒரே நீதிபதி அமெரிக்கர். மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதனை வழிமொழிந்து, வெளியேற ஆறு மாதம் கெடு விதித்தன. எதிர்த்தவை 6 நாடுகள் மட்டுமே. இந்தியா மோரீஷஸ் பக்கம் நின்றது. கெடு முடிந்தது; ஒன்றும் நடக்கவில்லை. அது ஆலோசனைக் கருத்துதான், கட்டுப்படுத்தாது என்று லண்டன் கூறிவிட்டது. தமிழர்களின் படகு வந்து சேர்ந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

ஆயினும், விரக்தி முழு உண்மையல்ல. கூடாரவாசிகளின் வழக்கறிஞர்கள் அந்த ஆட்சிப்பகுதியின் உச்ச நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுத்தனர். (ஆளில்லாத் தீவுக்கும் ஏட்டளவில் ஓர் உச்ச நீதிமன்றம் உண்டு, வழக்கமாக அது லண்டனில் கூடும்.) 2024 ஜூலையில் தீவிலேயே நடைபெறவிருந்த விசாரணையை, பாதுகாப்புக் காரணம் கூறி அமெரிக்கா தடுத்தது. தன் ஆட்சிப்பகுதியில் தன் நீதிபதி அமர்வதற்கு பிரிட்டனுக்கு அமெரிக்காவின் இசைவு தேவைப்பட்டது! செப்டம்பரில் ஒருவழியாக விசாரணை நடந்தது. நீதிபதி மார்கரெட் ஓபி முகாமை நேரில் பார்த்தார். டிசம்பர் 16-இல் வெளிவந்த தீர்ப்பு, மூன்றாண்டுக் காலமும் அவர்கள் சட்டவிரோதமாகக் காவலில் வைக்கப்பட்டிருந்தனர் என்றது. பெயரில் மட்டும்தான் அது சிறை அல்ல என்றும் கூறியது. தீர்ப்புக்குச் சில நாள்களுக்கு முன்னதாகவே அவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர்.

116 நாடுகளின் வாக்கு அசைக்காததை ஒரு வழக்குக் கட்டு அசைத்திருக்கிறது. சட்டம் எட்டாத இடங்களை உருவாக்கிக்கொள்வது வல்லரசுகளின் பழைய உத்தி. குவாண்டனாமோவும் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டதுதான். 2004-லும் 2008-லும் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அந்தக் கணக்கைத் தவறாக்கியது. குவாண்டனாமோ இன்னும் மூடப்படவில்லை என்பதும் உண்மையே. வெளியிலிருந்து வரும் கண்டனத்தை இந்த அரசுகள் தாங்கிக்கொள்கின்றன. சொந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்பவரிடம்தான் தடுமாறுகின்றன.

ஈழத்தமிழர் நீதி குறித்து அக்கறை கொண்டோருக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஜெனீவாவில் மனித உரிமைகள் மன்றத்தில் இலங்கை மீதான தீர்மானங்களை முன்னெடுக்கும் நாடுகளின் குழுவுக்குத் தலைமை தாங்குவது பிரிட்டன். 2025 மார்ச்சில் சவேந்திர சில்வா உள்ளிட்ட மூன்று முன்னாள் படைத் தளபதிகள் மீதும் கருணா மீதும் அது தடை விதித்தது. உள்நாட்டுப் போரின் குற்றங்களுக்குப் பொறுப்புக்கூறல் கோரும் அதே அரசு, அந்தத் தீவிலிருந்து தப்பியவர்களை மூன்றாண்டுகள் வேலிக்குள் அடைத்திருந்தது. இதை உரக்கப் பேசினால், மேற்குலகின் இரட்டை வேடம் என்ற கொழும்பின் பழைய வாதத்துக்கு வலுச்சேர்க்குமே என்று நண்பர்கள் சிலர் தயங்குகிறார்கள். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. கொழும்பு அந்த வாதத்தை எழுப்புவது எவரும் விசாரிக்கப்படக் கூடாது என்பதற்காக. நாம் கேட்பது இருவரும் விசாரிக்கப்பட வேண்டும் என்று. முள்ளிவாய்க்காலுக்கு பிரிட்டனின் ஆதரவு தேவை என்பதற்காக டியேகோ கார்சியாவை மறைத்துப் பேசினால், நாம் கேட்பது நீதியாக இராது, சலுகையாகிவிடும்.

சங்கடம் நமக்கும் உண்டு. அந்தப் படகு புறப்பட்டது நம் பக்கத்துக் கரையிலிருந்து. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் மறுகோடியில் கும்மிடிப்பூண்டியில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து, படித்து, மணமுடித்தவர்கள் இருக்கிறார்கள்; அவர்களில் பெரும்பாலோருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் எளிதாக இல்லை. 2021-இல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது, வீடுகளும் கட்டித் தந்தது. ஆனால், இந்தியா 1951-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. 2019-ஆம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர்கள் சேர்க்கப்படவில்லை. மோரீஷஸுக்காக ஐ.நா.வில் வாக்களித்த நாம், அந்தத் தீவின் கூடாரங்களில் இருந்தவர்களைப் பற்றி லண்டனிடம் கேட்கும் தகுதியை இப்படித்தான் குறைத்துக்கொண்டோம்.

2025 மே 22-இல் பிரிட்டனும் மோரீஷஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி இறையாண்மை மோரீஷஸுக்கு. டியேகோ கார்சியா 99 ஆண்டுகளுக்கு பிரிட்டனின் குத்தகையில். ஆண்டுக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு வாடகை. மற்றத் தீவுகளில் சாகோஸ் மக்களைக் குடியமர்த்தலாம். டியேகோ கார்சியாவில் முடியாது. பேச்சுவார்த்தை மேசையில் தங்களுக்கு இடமே தரப்படவில்லை என்று அவர்களில் பலர் கசப்போடு கூறுகிறார்கள்.

இடைக்காலத்தில் மீண்டும் ஒரு படகு வந்தால் என்ன செய்வது என்பதற்கும் பிரிட்டன் ஏற்பாடு செய்துகொண்டது. 2024 அக்டோபரில் செய்த உடன்பாட்டின்படி, இனி வருவோர் தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்பப்படுவர். நெப்போலியனைக் கொண்டுபோய் வைத்த அதே தீவு.