பணம் வருகிறது, வாப்பா வருவதில்லை

மேலைநாடுகளில் குடும்பம் சிதைகிறது என்று மேடைதோறும் முழங்குவதில் நமக்கு ஒரு தனி இன்பம். முழங்குவோர் வெள்ளாற்று முகத்துவாரத்துப் பரங்கிப்பேட்டையிலும், வீராணம் ஏரியை அடுத்த லால்பேட்டையிலும் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். மாடி வீடுகள் நிமிர்ந்து நிற்கின்றன. வீட்டுக்குரியவரோ குவைத்திலோ துபாயிலோ இருக்கிறார்.

சபர் நமக்குப் புதிதன்று. பாட்டனார் காலத்தில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடாவின் வாசல் திறந்தது. வறுமை தணிந்தது, குமர்கள் கரையேறினர், மறுப்பதற்கில்லை. ஆனால், அந்த வரவுக்கு விலை கொடுத்தவர் யார்?

வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க வீரர்களின் மனைவியரை 1970களில் ஆராய்ந்தார் பாலின் பாஸ் என்னும் குடும்ப உளவியல் அறிஞர். உடலால் இல்லாதவர் உள்ளத்தில் இருப்பதும், உடலால் இருப்பவர் உள்ளத்தால் விலகியிருப்பதும் குடும்பத்தைத் தெளிவற்றதோர் இழப்பில் ஆழ்த்தும் என்றார். நம் வீடுகளில் இரண்டுமே உண்டு. சபராளி அங்கிருக்கையில் முதலாவது. விடுமுறையில் வந்து, சொந்தப் பிள்ளையே தாயின் முந்தானைக்குள் ஒளியக் காண்கையில் இரண்டாவது. கைப்பேசித் திரையில் தெரியும் முகம் மடியாகிவிடாது.

மார்க்கம் இதை அறியாததன்று. போர்க்களம் சென்ற கணவனை எண்ணிப் புலம்பிய பெண்ணொருத்தியின் குரலை, கலீபா உமர் (ரலி) அவர்கள் இரவு நகர்வலத்தில் செவியுற்றார்கள். ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவி, வீரர்களின் பிரிவுக்கு வரம்பு விதித்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள. போர்வீரனுக்கே வரம்பு! கடைச் சிப்பந்திக்கு ஈராண்டு ஒப்பந்தமா?

“மனைவியை உடனழைத்துச் செல்லலாமே” என்பர். ஐக்கிய அமீரகத்தில் அதற்கு மாதம் 4000 திர்ஹம் ஊதியம், அன்றேல் 3000 திர்ஹமும் குடியிருப்பும் வேண்டும். எளிய தொழிலாளிக்கு அது எட்டாக்கனி. ஆகவே தனி மனிதனைப் பழிப்பது என் நோக்கமன்று. சமுதாயத்தின் மௌனத்தையே பழிக்கிறேன்.

நிக்காஹ் பேசுகையில் நகைக்கும் கைக்கூலிக்கும் மணிக்கணக்காக வாதிடும் பெரியவர்கள், “மாப்பிள்ளை எத்தனை மாதம் உடனிருப்பார்?” என்று ஒரு வார்த்தை கேட்பதுண்டா? பிரிவால் உறக்கமிழந்த பெண்ணுக்குப் பேய்க்கோளாறு என்று பெயரிட்டுத் தாயத்துக் கட்டுகிறோம். சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில், அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இலவச ஆலோசனையும் இருக்கிறது. அங்கே செல்ல வெட்கம். அவளை அழவிட்டு வைக்க வெட்கமில்லை.

ஜமாஅத்துகள் இனியேனும் கேட்கட்டும்: மணமானவன் எப்போது புறப்படுகிறான், எப்போது திரும்புவான், அதற்கு அந்தப் பெண் மனமுவந்து இசைந்தாளா? வீடு கட்டுவது மகனின் கடமை என்று கற்பித்தோம். வீட்டில் இருப்பதும் கடமை என்று எப்போது கற்பிக்கப்போகிறோம்?