லோடு தானாக இறங்குதா? பம்ப்பைத் திட்டாதீங்க!

லீவரில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால், தூக்கி நிறுத்திய லோடு மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களுக்குப் பழகிப்போன தொல்லை இது. “பம்ப் போயிடுச்சுண்ணே, மாத்திடலாம்” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். முதலாளியும் பெரிய தொகையை எடுத்து வைப்பார். புது பம்ப் வந்த பிறகும் லோடு இறங்கிக்கொண்டேதான் இருக்கும்!

காரணம் எளிது. லீவர் நியூட்ரலில் இருக்கும்போது லோடைத் தாங்குவது பம்ப் அல்ல. சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும் ஆயில். வெளியே கசிவு தெரியவில்லை என்றால், அந்த ஆயில் நழுவ முக்கியமான வழிகள் இரண்டு. ஒன்று, சிலிண்டரில் உள்ள பிஸ்டன் சீல். இன்னொன்று, கன்ட்ரோல் வால்வுக்குள் நகரும் ஸ்பூல் என்ற தண்டு. அது தேய்ந்திருக்கலாம், அழுக்கு சிக்கி, முழுதாக நடுவுக்குத் திரும்பாமலும் இருக்கலாம். லீவர் இணைப்பை முதலில் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை.

சீலா, வால்வா? சில வண்டிகளில் சிலிண்டரின் மேல்பக்கத்திலிருந்து டேங்குக்கு ஒரு ரிட்டர்ன் ஹோஸ் போகும். அனுபவமுள்ள மெக்கானிக் அதைக் கழற்றிவிட்டு, லோடைத் தாழ்வாக நிறுத்திப் பார்ப்பார். ஆயில் தொடர்ந்து வடிந்தால் சீல். வடியாமலே லோடு இறங்கினால், சந்தேகம் வால்வு மேல்.

இன்னும் சில அடையாளங்கள்:

* தூக்க லீவரை அசைத்ததும், ஏறுவதற்கு முன் லோடு சற்றே இறங்குகிறதா? செக் வால்வைப் பாருங்கள்.

* தூக்குவது, சாய்ப்பது எல்லாமே மந்தமா? ஆயில் அளவு, ஃபில்டர், ரிலீஃப் வால்வு ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத்தான் பம்ப்புக்குப் போக வேண்டும்.

* காலையில் நன்றாக இருந்து, மதியம் கோளாறு காட்டுகிறதா? சூடான ஆயில் இளகி, தேய்ந்த இடங்களில் அதிகம் கசியும். அதனால் ஆயில் சூடேறிய பிறகே சோதிக்க வேண்டும்.

எவ்வளவு இறங்கலாம்? 10 டன் வரை தூக்கும் வண்டிகளுக்கு, முழு லோடுடன் முதல் 10 நிமிடத்தில் 100 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது என்கிறது ஐ.எஸ்.ஓ. 3691-1 தரம். ஒரு சுண்ணாம்புக்கட்டியும் கடிகாரமும் போதும், அளந்துவிடலாம்.

தூக்க முடியவில்லை என்று ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவைக் குத்துமதிப்பாக முறுக்கவே கூடாது. பிரஷர் கேஜ் இல்லாமல் ஏற்றினால் ஹோஸ் வெடிக்கலாம். ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடுவதும் ஆபத்து. அழுத்தத்தில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். அப்படி ஆயில் குத்திவிட்டால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மாஸ்ட்டைக் கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்து நிறுத்தாமல், ஃபோர்க்குக்குக் கீழே தலையை நீட்டாதீர்கள். இன்று அங்குலம் அங்குலமாக இறங்கும் லோடு, நாளைக்கும் அப்படியே இறங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது!