சிறைக்கோட்டமா? அறக்கோட்டமா?



குற்றவாளிக் கூண்டிலே ஒரு தாய். தீர்ப்பு வாசிக்கப்படுகிறது: இரண்டாண்டுச் சிறை! சட்டம் தன் கடமையைச் செய்து முடித்தது என்கிறார்கள் சான்றோர்கள். ஆனால், அந்தத் தீர்ப்பு அங்கே முடிவதில்லை. நீதிமன்றத்தின் வாயிற்படியைத் தாண்டி நடக்கிறது; பள்ளியிலிருந்து திரும்பிப் பூட்டிய கதவின் முன் புத்தகப் பையோடு நிற்கும் பிள்ளையின் தலையிலும் இறங்குகிறது. தாய்க்குத் தண்டனை என்று ஏட்டிலே எழுதினார்கள்; சேய்க்கும் தண்டனை என்று எந்த ஏட்டிலும் எழுதவில்லை. எழுதாத அந்தத் தண்டனையைத்தான் ஏதுமறியாப் பிள்ளை ஏற்கிறது!

கற்பனை என்று கருதாதே. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே, 2016-ஆம் ஆண்டில் அரசே எடுத்த கணக்கைப் பார். மாநிலச் சிறைகளிலும் கூட்டரசுச் சிறைகளிலும் இருந்தவர்களுள் ஏறத்தாழ 6 லட்சத்து 84 ஆயிரம் பேர், 18 வயது நிரம்பாத பிள்ளைகளைப் பெற்றவர்கள். அந்தப் பிள்ளைகளின் தொகையோ 14 லட்சத்து 70 ஆயிரத்தையும் தாண்டியது!

இன்னும் கேள். 1997-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 22 மாதங்களில் 15 மாதம் ஒரு பிள்ளை அரசின் வளர்ப்புக் காவலில் இருந்துவிட்டால், சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோரின் உரிமையையே நீக்கும்படி மாநிலம் வழக்குத் தொடரவேண்டும் என்றது. பிள்ளைகள் நிலையான இல்லமின்றி அலையக்கூடாது என்பது நோக்கம், நல்ல நோக்கந்தான். ஆனால், இரண்டாண்டுச் சிறை 24 மாதமல்லவா? தண்டனை முடிந்து அன்னை வெளியே வருவதற்குள், அன்னை என்ற உரிமை முடிந்துபோகக்கூடும்! நீதிபதி விதித்தது இரண்டாண்டு. விதி விதித்ததோ ஆயுள் முழுவதும்!

இந்தக் கொடுமையை அந்நாட்டு மன்றங்களும் உணரத் தொடங்கின. 2008-இல் நிறைவேறிய 'இரண்டாம் வாய்ப்பு'ச் சட்டம், போதைப்பொருள் குற்றத்தில் சிக்கிய, வன்முறையில் ஈடுபடாத பெற்றோரைச் சிறைக்கு அனுப்பாமல், குடும்பத்தோடு இணைத்தே மருத்துவம் அளிக்கும் திட்டங்களுக்கு மானியம் தர வழிசெய்தது. 2010-இல் வாஷிங்டன் மாநிலம் ஒருபடி மேலே சென்றது. ஓராண்டுக்கு மேல் சிறை செல்லவேண்டியவர், வன்முறைக் குற்றமோ பாலியல் குற்றமோ புரியாதவர், பிள்ளையைப் பேணும் பொறுப்புடையவர் என்றால், சிறைக்குப் பதிலாக 12 மாதம் கண்காணிப்பின்கீழ் வீட்டிலேயே வாழ நீதிபதி ஆணையிடலாம். மருத்துவம் உண்டு, பயிற்சி உண்டு, கட்டளையை மீறினால் சிறையும் உண்டு. 2015-இல் ஆரிகன் மாநிலமும் இவ்வழியே சட்டம் செய்தது.

"குற்றவாளிக்குச் சலுகையா? களவு கொடுத்தவனுக்கு என்ன பதில்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், கேட்கத்தக்க கேள்விதான். விடை தென்னாப்பிரிக்காவிலே கிடைக்கிறது. 2007-இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றத்தின் முன் ஒரு தாய் நின்றாள், செய்தது மோசடி, பிள்ளைகள் மூவர். நிறவெறி ஆட்சியில் தாமே சிறைபட்ட ஆல்பி சாக்ஸ் தீர்ப்பெழுதினார். எஞ்சிய சிறைவாசம் நிறுத்திவைக்கப்பட்டது. ஏமாற்றப்பட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடு, சமூகப் பணி செய், கண்காணிப்பில் இரு என்று ஆணை பிறந்தது. சிறையிலே கிடந்தால் இழந்தவனுக்கு ஒரு காசேனும் திரும்புமா? உழைத்தால் அல்லவா திரும்பும்! அதனினும் பெரிது ஒன்று: பிள்ளையைப் பேணுபவரைத் தண்டிக்குமுன், அப்பிள்ளையின் நலனை எடைபோடுவது நீதிமன்றத்தின் கடமை என்று அத்தீர்ப்பு வரையறுத்தது.

இங்கேதான், தோழா, வேறுபாட்டை நீ கூர்ந்து நோக்கவேண்டும். ஒரு நாடு மானியம் தந்தது. ஒரு நாடு கடமை என்றது. மானியம் மறுக்கத்தக்கதன்று, மருத்துவருக்கும் கண்காணிப்பாளருக்கும் ஊதியம் வேண்டாமா? பணமில்லாத சட்டம் படமாய்த் தொங்கும். ஆனால், மானியம் விண்ணப்பித்தவர்க்குக் கிடைக்கும், விண்ணப்பிக்காத ஊருக்கு இல்லை. குறித்த காலம்வரை ஓடும், பிறகு வற்றும். ஆற்றுக்கு இக்கரையில் பிறந்த பிள்ளைக்குத் தாய்மடி, அக்கரையில் பிறந்த பிள்ளைக்கு அநாதை விடுதியா? பிள்ளையின் உரிமை, கருவூலத்தின் கருணையைப் பொறுத்ததாக இருக்கலாமா? மானியமும் வேண்டும், அதனைத் தாங்கி நிற்கும் சட்டமும் வேண்டும். ஒன்று கால் என்றால், மற்றொன்று முதுகெலும்பு!

இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. புகார் நகரத்துச் சிறைக்குள் அமுதசுரபியோடு நுழைந்து பசித்தோருக்கு உணவளித்த மணிமேகலை, சோழ மன்னனிடம் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குக என்றாள். மன்னனும் இசைந்தான் என்கிறது காப்பியம். மன்னனுக்கு அவ்வளவு மனம் இருந்தால், மக்களாட்சிக்கு எவ்வளவு இருக்கவேண்டும்!

கொடுங்குற்றம் புரிந்தோரைக் கட்டவிழ்த்துவிடச் சொல்லவில்லை நாம். குற்றத்துக்குத் தண்டனை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குற்றம் செய்தவர் மீது விழவேண்டிய அடி, குற்றமே செய்யாதவர் மீது விழலாகாது என்கிறோம். மேடைதோறும் இதைச் சொல். படிப்பகந்தோறும் இதை விவாதி. மக்கள் மன்றத்திலே வலுப்பெறாத எந்தக் கருத்தும் சட்டமன்றத்திலே வென்றதில்லை, தோழா!