பரு போச்சு... குழி போகலையே! - முகத்தழும்புகளில் எது எந்த வகை, எதற்கு என்ன சிகிச்சை?

லிஃப்ட், ஜவுளிக்கடை ட்ரையல் ரூம், சலூன்... இந்த மூன்று இடங்களிலும் கண்ணாடியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். வீட்டுக் கண்ணாடியில் சுமாராகத் தெரிகிற கன்னம், அங்கே மட்டும் மேடும் பள்ளமுமாகத் தெரியும். தலைக்கு நேர் மேலே இருந்து விளக்கு வெளிச்சம் விழும்போது ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு குட்டி நிழல் விழுகிறது. அந்த நிழலைத்தான் கண் பார்க்கிறது. கன்னத்துத் தழும்பை எடைபோட சருமநல மருத்துவர்கள் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான்.

பத்தாம் வகுப்பில் வந்த பரு, காலேஜ் முடிக்கும்போது போய்விடுகிறது. குழி மட்டும் தங்கிவிடுகிறது. வேலைக்கான இன்டர்வியூ, பெண் பார்க்கும் படலம், கல்யாண போட்டோ என்று ஒவ்வொன்றாக வரும்போதுதான் அது உறுத்தத் தொடங்குகிறது. உடனே கையில் எடுப்பது போன். ‘7 நாளில் தழும்பு மறைய’ என்று தேடினால் எலுமிச்சைச் சாற்றிலிருந்து லேசர் வரை வந்து கொட்டும். இவற்றில் எது தனக்கானது என்று தெரிய வேண்டுமானால், முகத்தில் இருப்பது எந்த வகைத் தழும்பு என்பது முதலில் தெரிய வேண்டும்.

தழும்பா, வெறும் கறையா?

பரு ஆறிய இடத்தில் தோல் சமமாக இருந்து, நிறம் மட்டும் மாறியிருந்தால் அது தழும்பே அல்ல. கறை. மாநிறம், கறுப்பு நிறச் சருமத்தில் இது பழுப்பாகவோ கருமையாகவோ தெரியும்; வெளிர் நிறத்தவர்களுக்குச் சிவப்பாக. வீக்கம் ஏற்பட்ட இடத்தில் தோல் கூடுதலாக மெலனின் நிறமியைக் கொட்டிவிட்டுப் போனதன் அடையாளம்தான் அந்தப் பழுப்பும் கருமையும். மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டாலும், பெரும்பாலும் தானாகவே மங்கும். மங்க விடாமல் தடுக்கும் முதல் எதிரி வெயில். எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன் ஸ்கிரீனைத் தினமும் பூசாமல், ஆயிரக்கணக்கில் கொடுத்து சீரம் வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. கறைகளுக்கு அசெலாயிக் ஆசிட், நியாசினமைடு, அடாபலீன் போன்ற பூச்சுகளை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். இதில் அடாபலீனைக் கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தவிர்க்க வேண்டும்.

கறையா, குழியா என்று குழப்பமா? விரல்களால் கன்னத்தை லேசாக இழுத்துப் பிடித்துப் பாருங்கள். இழுத்ததும் பள்ளம் சமமாகிவிட்டால் நடுத்தரத் தழும்பு. இழுத்தாலும் குழி குழியாகவே நின்றால் ஆழமானது. குட்மேன், பேரன் என்ற இரு மருத்துவர்கள் 2006-ல் வெளியிட்ட தரவரிசையிலேயே இந்தச் சோதனை இருக்கிறது. முகத்திலிருந்து 50 செ.மீ தள்ளி நின்று பார்த்தாலும் தெரிகிறதா என்பது அதிலுள்ள இன்னொரு அளவுகோல். போன் கேமராவை ஜூம் செய்து, மூக்கு நுனி வரை கொண்டுபோய்ப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் அந்த 50 செ.மீ-யை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

ஊசிக்குழி, பெட்டிக்குழி, அலைக்குழி

பரு ஆழமாகப் பழுத்து வீங்கும்போது, தோலுக்குக் கீழே தாங்கி நிற்கும் கொலாஜன் சிதைகிறது. உடல் அதைச் சரிசெய்யும்போது கொலாஜன் பற்றாமல் போனால் பள்ளம். தேவைக்கு அதிகமாகச் சுரந்தால் மேடு. பருவைக் கிள்ளுவதும் பிதுக்குவதும் வீக்கத்தை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

முகத்தில் பெரும்பாலும் விழுவது பள்ளம்தான். அதிலும் மூன்று வகை உண்டு; பலருக்கு மூன்றும் ஒரே கன்னத்தில் கலந்தே இருக்கும்.

முதலாவது, ‘ஐஸ் பிக்’. ஐஸ் பாரைக் குத்தி உடைக்கும் கூரான கம்பியால் குத்தியது போல வாய் சிறுத்து, ஆழம் அதிகமாக இருக்கும். அகலம் 2 மி.மீ-க்கும் குறைவு. தோலில் பெரிய துவாரம் மாதிரி தெரிவதால், ‘போர்ஸ்’ என்று நினைத்து அதற்கான க்ரீம்களை வாங்கிப் பூசுகிறவர்கள் உண்டு. பலன் இருக்காது. லேசர்கூட இதன் அடி ஆழத்தைத் தொடச் சிரமப்படும். இதற்கென்றே கொரிய மருத்துவர்கள் 2002-ல் வெளியிட்ட முறைதான் ‘கிராஸ்’. டிரைகுளோரோ அசிடிக் ஆசிட் என்ற அமிலத்தை அதிகச் செறிவில், கூர்மையான குச்சி நுனியால் தொட்டு, குழிக்குள் மட்டும் வைப்பார்கள். சில விநாடிகளில் அந்த இடம் வெள்ளையாக உறையும், பிறகு பொருக்கு கட்டி உதிரும். உள்ளிருந்து புதிய கொலாஜன் வளர்ந்து குழி மேலே எழும்பும். சில வார இடைவெளியில் பலமுறை செய்ய வேண்டியிருக்கும். இந்த அமிலம் ஆன்லைனில் கிடைக்கிறதே என்று வீட்டில் முயன்றால், குழியைச் சுற்றியுள்ள நல்ல தோலும் வெந்து, இருந்த தழும்பைவிடப் பெரிய தழும்பு வரும்.

இரண்டாவது, ‘பாக்ஸ்கார்’. அம்மைத் தழும்பைப் பார்த்திருப்பீர்கள். வட்டமாகவோ நீள்வட்டமாகவோ, செங்குத்தான ஓரங்களோடு, அடிப்பகுதி தட்டையாக இருக்கும். ஆழம் குறைவாக இருந்தால் மைக்ரோநீடிலிங், லேசர் இரண்டுக்கும் நன்றாகவே கட்டுப்படும். ஆழமானதை, வட்டமான சிறு கருவியால் வெட்டி மேலே தூக்கி நிறுத்தும் ‘பஞ்ச் எலிவேஷன்’ போன்ற சிறு அறுவை சிகிச்சையால் சமன்செய்வார்கள்.

மூன்றாவது, ‘ரோலிங்’. அகலமாக, ஓரம் தெரியாமல், கன்னமே அலை அலையாக இருப்பது. இலவம்பஞ்சு மெத்தையில் நூல் போட்டுத் தைத்த இடம் மட்டும் உள்வாங்கி இருக்கும் அல்லவா? அதே கதைதான். தோலை அடியிலிருந்து நார்கள் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. நூலை அறுக்காமல் மெத்தையின் மேல் எத்தனை முறை தட்டினாலும் அந்த இடம் எழும்பாது. ‘சப்சிஷன்’ என்ற முறையில், மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கு அடியில் ஒரு ஊசியைச் செலுத்தி அந்த நார்களை அறுத்து விடுவார்கள். அதன்பிறகு முகம் வீங்கி, ரத்தம் கன்றி நீலமாக ஓரிரு வாரம் இருக்கலாம். வரப்போகும் விசேஷத்துக்கு முந்தைய வாரம் செய்துகொள்கிற சிகிச்சை அல்ல இது.

வகை தெரியாமல், ‘லேசர் ஆறு சிட்டிங் பேக்கேஜ்’ என்று மொத்தப் பணத்தையும் முதல் நாளே கட்டுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ரோலிங் தழும்புக்கு நாரை அறுக்காமல் லேசர் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால், பெரிய மாற்றம் தெரியாது.

மைக்ரோநீடிலிங், லேசர்: நம் நிறத்துக்கு எது?

நுண்ணிய ஊசிகளால் தோலில் ஆயிரக்கணக்கான சிறு துளைகளைப் போட்டு, காயத்தை ஆற்றும் சாக்கில் கொலாஜனைச் சுரக்க வைப்பதுதான் மைக்ரோநீடிலிங். 1997-ல் கனடாவைச் சேர்ந்த கமிரான்ட், டூசே என்ற மருத்துவர்கள், மை இல்லாத டாட்டூ மெஷினைத் தழும்பின் மீது ஓட்டிப் பார்த்ததை எழுதினார்கள். இன்றைய கருவிகளுக்கு அதுவும் ஒரு முன்னோடி. கிளினிக்கில் தழும்புக்குப் பயன்படுத்தும் ஊசியின் நீளம் சுமார் 1.5 மி.மீ-க்கு மேல் இருக்கும். வீட்டுக்கு விற்கப்படும் ரோலர்களில் பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மி.மீ. அது தழும்பின் அடிவரை போகவே போகாது. நீளமான ஊசியை வாங்கி வீட்டில் உருட்டினால் கிருமித்தொற்றுதான் மிச்சம்.

ஃப்ராக்‌ஷனல் லேசர் சக்தி வாய்ந்தது. ஆனால், நம் ஊர்ச் சருமத்தில் ஒரு சிக்கல் உண்டு. மெலனின் அதிகமுள்ள தோல் சூடுபட்டால், ஆறும்போது கருத்துப்போகும் வாய்ப்பு அதிகம். குழியை நிரப்பப் போய், முகம் முழுக்கக் கறையோடு திரும்பிய கதைகள் அப்படி வந்தவைதான். மருத்துவர்கள் குறைந்த அளவில், அதிக இடைவெளி விட்டுச் செய்வதும், முன்னும் பின்னும் வெயிலைக் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்வதும் அதற்காகத்தான். வெப்பத்தை மேல்தோலுக்குக் கொடுக்காமல் உள்ளே மட்டும் செலுத்தும் ரேடியோ ஃப்ரீக்வென்சி மைக்ரோநீடிலிங்கை மாநிறத்தவர்களுக்குப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எந்தச் சிகிச்சையானாலும் முகத்தில் புதிய பருக்கள் பழுத்துக்கொண்டிருக்கும்போது ஆரம்பிப்பதில்லை. முதலில் பருவை அடக்க வேண்டும். அதற்கான ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் இந்த மாத்திரை குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கும் என்பதால், மாத்திரை சாப்பிடும்போதும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தரிக்கவே கூடாது.

மேடாக இருந்தால் வேறு வழி

தாடை ஓரம், மார்பு, தோள்பட்டை, முதுகு... இங்கெல்லாம் தழும்பு கட்டியாக எழும்புவதுண்டு. பரு இருந்த எல்லைக்குள் நின்றால் ‘ஹைப்பர்ட்ராஃபிக்’, எல்லை தாண்டிப் பரவினால் ‘கீலாய்டு’. தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவது, சிலிக்கான் ஜெல் ஷீட் ஒட்டுவது போன்றவை இதற்கான வழிகள். ‘வெட்டி எடுத்துடலாம்’ என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். வேறு சிகிச்சை சேர்க்காமல் வெட்ட மட்டும் செய்தால், கீலாய்டு முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரக்கூடும். குடும்பத்தில் யாருக்காவது கீலாய்டு இருந்தால், முகக்குழிக்குச் சிகிச்சை எடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

மெடிக்கல் ஷாப் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டில் ஜாதிக்காய் உரைத்துப் பூசுவதால் குழி நிரம்பாது, ஆனால் பெரும்பாலும் பெரிய சேதமும் இல்லை. எலுமிச்சைச் சாறு, பேக்கிங் சோடா, டூத்பேஸ்ட் தோலை எரிச்சலாக்கிக் கறையைக் கூட்டும். இவற்றையெல்லாம்விட ஆபத்தானது, பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று வாங்கும் சின்ன ட்யூப். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று முடியும் பெயர் அதில் இருந்தால் அது ஸ்டீராய்டு. பூசிய சில நாள்களில் பரு அமுங்கும், முகம் பளிச்சென்று ஆகும். மாதங்கள் போனால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, முகத்தில் முடி வளர்ந்து, பருவே கூட்டமாக வெடிக்கும். நிறுத்தினால் எரிச்சல். அதற்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளை, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர்கள் திடீரென நிறுத்தாமல், மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைப்பது நல்லது.

யார் செய்கிறார்கள் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமமில்லாத ஒரு ஸ்பாவில், சொந்த ரத்தத்தைப் பிரித்துப் பூசி ஊசியால் குத்தும் ‘வேம்பயர் ஃபேஷியல்’ செய்துகொண்ட மூன்று பெண்களுக்கு ஹெச்.ஐ.வி தொற்று வந்ததை, அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2024-ல் அறிக்கையாகவே வெளியிட்டது. ரத்தம் வருகிற எந்தச் சிகிச்சைக்கும் பியூட்டி பார்லர் இடமல்ல. சருமநலத்தில் எம்.டி, டி.டி.வி.எல் போன்ற பட்டம் பெற்றவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஊசி, ரோலர் முனையைத் தன் கண்ணெதிரே புதிதாகப் பிரிக்கச் சொல்வதிலும்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. முதல் ஆலோசனைக்கு அங்கே போகலாம்.

‘கல்யாணத்துக்கு மூணு மாசம்தான் இருக்கு!’

கிளினிக்குகளில் அடிக்கடி ஒலிக்கும் வாக்கியம் இது. கொலாஜன் அவசரம் அறியாதது. ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி, பொதுவாக மூன்று முதல் ஆறு சிட்டிங், கடைசி சிட்டிங்குக்குப் பிறகும் சில மாதங்கள் மாற்றம் தொடரும். அப்படிப் பார்த்தால் ஒரு வருடம் முன்பே தொடங்க வேண்டிய வேலை. மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால், கறையை மங்கவைப்பது, பருவை அடக்குவது, மிதமான சிகிச்சை ஓரிரு சிட்டிங் என்பதோடு நிறுத்திக்கொண்டு, சப்சிஷனையும் லேசரையும் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சிலவகைக் குழிகளை ஹயலூரானிக் ஆசிட் ஃபில்லரால் தற்காலிகமாக நிரப்பவும் முடியும். சில மாதங்களில் அது கரைந்துவிடும்.

குழி முழுக்க மறைந்து பிறந்த குழந்தையின் கன்னம் போல ஆகும் என்று யாராவது உறுதி கொடுத்தால், அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். நேர்மையான மருத்துவர் ‘குறையும்’ என்றுதான் சொல்வார். குறைந்ததா என்று தெரிய, சிகிச்சைக்கு முன்பும் பின்பும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் இப்போது பதினான்கு, பதினைந்து வயதில் பருவோடு யாராவது இருந்தால், ‘வயசுக் கோளாறு, தானா போயிடும்’ என்று காத்திருக்க வேண்டாம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 185 பேரிடம் செய்து 1994-ல் வெளியான ஆய்வு, பரு வந்ததற்கும் சரியான சிகிச்சை தொடங்கியதற்கும் இடையிலான தாமதத்துக்கும், கடைசியில் மிஞ்சும் தழும்பின் அளவுக்கும் தொடர்பு இருப்பதைச் சொன்னது. ஆண், பெண் இருவருக்குமே. பையன்தானே, அழகு பார்க்கவா போகிறான் என்று அவனை மட்டும் டாக்டரிடம் அழைத்துப் போகாமல் விடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.