பழைய மின்சாரக் கார் வாங்குவோர் கவனத்துக்கு



மலேசியாவில் முழுதாய் இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கான வரிவிலக்கு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த சிலர் இப்போது பழைய கார் தேடுகிறார்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, விலை குறையுமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். பேட்டரிக் கோளாறுக்காகத் தயாரிப்பாளர் திரும்ப அழைத்த வண்டியா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சென்னைக்கு அருகே தயாரிக்கப்பட்ட ஹூண்டாய் கோனா மின்சாரக் கார்களில் 456-ஐ 2020 டிசம்பரில் பேட்டரிச் சோதனைக்கு அழைத்தார்கள். மறு ஆண்டு செவர்லே போல்ட் மின்சாரக் காரின் கதை இன்னும் மோசம். ஒரே செல்லுக்குள் எதிர்மின்வாயின் முனை கிழிந்து, பிரிப்புத்தாளும் மடிந்திருந்தால் தீப்பற்றலாம் என்று கண்டு, விற்ற போல்ட் அத்தனையையும் திரும்ப அழைத்தார்கள். சரிசெய்யும்வரை 90 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் ஏற்றாதீர்கள், திறந்தவெளியில் நிறுத்துங்கள் என்பது உரிமையாளர்களுக்கு வந்த அறிவுரை. நம் கொண்டோவாசிக்கு நிலத்தடியில்தானே இடம்! திறந்தவெளிக்கு எங்கே போவார்? இரவில் பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் ஸ்காட்டில் இடம் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கோளாறுள்ள வண்டியை வாங்கி ஏமாந்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரைதான் கோரலாம். பெரும்பாலான மின்சாரக் கார்களின் விலை அதைத் தாண்டும்.

பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் சேசிஸ் எண்ணை எப்படியும் சரிபார்க்கிறார்கள். திரும்ப அழைக்கும் வண்டிகளை அடையாளம் காண்பதும் அதே எண்ணை வைத்துத்தான். பேட்டரி மாற்றப்பட்டதா என்பதையும் அந்தப் பரிசோதனை அறிக்கையிலேயே குறிப்பிட சாலைப் போக்குவரத்து இலாகா உத்தரவிட வேண்டும்.

— வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்