சீட்டு மாறலாமா?

கீரப்பாளையத்தில் பஸ் ஏறிச் சிதம்பரம் போகிறீர்கள். வழியில் வண்டி பழுதாகி நின்றுவிட்டால் கண்டக்டர் என்ன செய்வார்? பின்னால் வரும் பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிடுவார். அதே சீட்டு செல்லும்.

கம்ப்யூட்டர் மையத்தில் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும்போது குரோம் பிரவுசர் திணறுகிறது. ஃபயர்ஃபாக்ஸைத் திறக்கிறீர்கள். அங்கே பழைய சீட்டு செல்லாது! மறுபடி பயனர் பெயர், மறுபடி கடவுச்சொல். சில தளங்களில் நிரப்பியதும் போயிருக்கும்.

காரணம் என்ன? இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்.டி.டி.பி. முறைக்கு இயல்பாகவே ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு முறையும் நீங்கள் அதற்குப் புதியவர்தான். இக்குறையைப் போக்க 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி 'குக்கி'யை உருவாக்கினார். நீங்கள் உள்ளே நுழைந்ததும் தளத்தின் சர்வர் ஒரு நீண்ட அடையாளக் குறியைத் தருகிறது. பிரவுசர் அதைப் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு பக்கத்துக்கும் எடுத்துக் காட்டுகிறது. ஒரு பிரவுசரின் பெட்டியில் உள்ளதை மற்றொன்று பார்ப்பதில்லை.

"குக்கியை நகலெடுத்து அடுத்த பிரவுசரில் போட்டால்?" என்று கேட்பீர்கள். பல தளங்களில் அது பலிக்கும். எனக்குப் பயமே அதுதான். பஸ் சீட்டில் பெயர் இல்லை. யார் கையில் இருக்கிறதோ அவரே பயணி. 2010இல் எரிக் பட்லர் வெளியிட்ட 'ஃபயர்ஷீப்' இதை அம்பலமாக்கியது. பூட்டில்லாத வை-ஃபையில் பிறருடைய குக்கிகளைப் பிடித்து, கடவுச்சொல் இல்லாமலே அவர்கள் கணக்கில் நுழைய முடிந்தது.

ஆகவே, திறந்திருந்த பக்கங்களின் முகவரிகளை ஒரு பிரவுசரிலிருந்து மற்றொன்றுக்குத் தாராளமாகக் கொண்டுபோகலாம். சீட்டு மட்டும் மாறக் கூடாது. மறுபடி கடவுச்சொல் கேட்பதை நான் தொல்லை என்று சொல்லமாட்டேன்.

நிரப்பிய விவரங்கள் அழிவதுதான் அநியாயம். அவற்றைப் பக்கத்துக்குப் பக்கம் மாணவரின் கணக்கில், சர்வரிலேயே சேமித்து வைப்பது தளத்தை அமைப்பவரின் கடமை. அப்படி வைத்தால் எந்த பிரவுசரிலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வே 2018 முதல் இணைய வழியில்தான் நடக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டர் உள்ள பிள்ளை மறுபடி நிரப்பிக்கொள்ளும். மையத்தில் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை, கடைசி நாளில், கரண்ட் போன பிறகு என்ன செய்யும்?

ஒன்று மறந்துவிட்டேனே! மையத்தை விட்டுக் கிளம்பும்போது 'வெளியேறு' பொத்தானை அழுத்துங்கள். பக்கத்தை மூடினால் மட்டும் குக்கி போய்விடாது.